முதல் ஃப்ளை ராடு வாங்கும் முன்: 905-4 என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்?

பொய்ப் பூச்சி கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கழிதான் ஃப்ளை ராடு. எதை எடுத்தாலும் தக்கைப் பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 905-4 என்றோ 590-4 என்றோ. கொஞ்சம் தள்ளி விலைச்சீட்டு தொங்கும். புதிதாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் விலைச்சீட்டை மட்டும் படித்துவிட்டு, ராடைக் காற்றில் நாலு ஆட்டு ஆட்டிப் பார்த்து, ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வாங்கிப் போய்விடுகிறார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். எண் 8 என்று போட்டிருந்தது. எண் பெரிதாக இருந்தால் மீனும் பெரிதாக இருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம். சுற்றிலும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஓடைகள். யெல்லோ பிரீச்சஸ் ஓடை பக்கத்திலேயே ஓடுகிறது. கார்லைல் ஊரில் லெட்டார்ட் ஊற்றோடை. நகரத்தை ஒட்டியே அகன்று கிடக்கிறது சஸ்குவஹானா ஆறு. அந்த 8ஆம் எண் ராடை எடுத்துக்கொண்டு யெல்லோ பிரீச்சஸில் இறங்கிய முதல் நாள், லைன், அதாவது தூண்டில் கயிறு, தண்ணீரில் விழுந்த சத்தம் படித்துறையில் வேட்டி துவைத்த மாதிரி இருந்தது. அந்த மடுவில் இருந்த ட்ரவுட் எல்லாம் எந்தத் திசையில் போயின என்று தெரியாது, போய்விட்டன என்பது மட்டும் தெரியும்.

ஊரில் மூங்கில் கழியில் தங்கூஸ் நரம்பு கட்டி, மண்புழு கோத்துக் கெண்டை பிடித்தவன்தான் நான். தூண்டில் புதிதல்ல. ஆனால் அந்த அனுபவத்தை வைத்து ஃப்ளை ராடு வாங்கப் போனால் தப்பாகத்தான் போகும். இரண்டும் வேலை செய்கிற விதமே வேறு.

கனம் எங்கே இருக்கிறது?

சாதாரணத் தூண்டிலில் கனம் நரம்பின் நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டு, அல்லது இரையே கனமாக இருக்கும். நாம் எறிவது அதைத்தான். அது பறந்து போகும்போது நரம்பையும் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. நரம்பு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஃப்ளை என்பது சின்ன முள்ளில் இறகு, மயிர், நூல் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சி. ஈ, கொசு, வெட்டுக்கிளி, தண்ணீர்ப் புழு என்று ஏதோ ஒன்றின் சாயலில் இருக்கும். கையில் வைத்தால் கனமே தெரியாது. இதை எறிவது பஞ்சை எறிவது போலத்தான், ஒரு முழம் தாண்டாது. அதனால் கனத்தை எடுத்து நூலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஃப்ளை லைன் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில், மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசிய, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் கயிறு. நாம் எறிவது அந்தக் கயிற்றைத்தான். ஃப்ளை சும்மா கூடவே போகிறது.

பொங்கலுக்குச் சாட்டை சொடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கை அசைவது கொஞ்சம்தான். அந்த அசைவு கயிற்றில் வளைவாக ஏறி, உருண்டு உருண்டு நுனி வரை போகிறது. ஃப்ளை லைனும் காற்றில் அப்படித்தான் ஒரு கொண்டை ஊசி வளைவாக விரிந்து போகும். ராடின் வேலை, லைனின் கனத்தில் வளைந்து, நிமிர்ந்து, அந்த விசையை லைனுக்குக் கொடுப்பது. லைன் மாட்டாத ராடு அம்பில்லாத வில். கடையில் வெறும் ராடை ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது என்று சொல்வது அதனால்தான்.

அந்த 5 எதைச் சொல்கிறது?

905-4 என்பதில் 9 அடி நீளம், 5ஆம் எண் லைன், 4 துண்டு. ஆர்விஸ் மாதிரி சில நிறுவனங்கள் இப்படி எழுதுகின்றன. சேஜ் நிறுவனம் எண்ணை முன்னால் போட்டு 590-4 என்று எழுதும்: 5ஆம் எண், 9 அடி 0 அங்குலம், 4 துண்டு. இரண்டும் ஒரே அளவு ராடுதான். இது தெரியாமல் 590 பெரியதா 905 பெரியதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் நடுநாயகம் அந்த 5தான். அது மீனின் எடையும் இல்லை, ராடின் எடையும் இல்லை. லைனின் எடை.

ஒரு காலத்தில் ஃப்ளை லைன் எல்லாம் பட்டு. அதன் தடிமனை வைத்து எழுத்துகளால் குறித்தார்கள். எல்லாமே பட்டு என்பதால் தடிமன் தெரிந்தால் எடையும் தெரிந்த மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தன. ஒரே தடிமனில் ஒன்று கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருந்தால் பழைய எழுத்து எதற்கு ஆகும்? அதனால் 1960 வாக்கில் அமெரிக்கத் தூண்டில் பொருள் தயாரிப்பாளர்களின் சங்கம் எடையை வைத்தே எண் கொடுத்தது. லைனின் முன்பகுதியில் முதல் 30 அடியை நிறுத்துப் பார்க்க வேண்டும். அது 140 கிரெயின் இருந்தால் 5ஆம் எண். 120 என்றால் 4, 160 என்றால் 6, 210 என்றால் 8.

கிரெயின் என்பது ஆங்கிலேயரின் பழைய தானிய மணிக் கணக்கு, நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி போல. 140 கிரெயின் என்றால் சுமார் 9 கிராம். பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஞாபகம் இருக்கிறதா? அதன் எடையும் 9 கிராம்தான். தற்செயலாக அமைந்த பொருத்தம், ஆனால் மறக்கவே மறக்காது: 5ஆம் எண் லைனில் 30 அடியை வெளியே விட்டால் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம் காற்றில் இருக்கிறது. ‘இந்தக் கனத்தை எறிவதற்கென்று இந்த ராடைச் செய்திருக்கிறேன்’ என்று தயாரித்தவர் சொல்வதுதான் ராடின் மேல் இருக்கும் 5. நான் வாங்கிய 8 கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிராம் எறிவது. அது பெரிய பாஸ், சால்மன், கடலோர மீன்களுக்கானது. ஒன்பது அங்குல ட்ரவுட்டின் தலைக்கு மேல் அதைப் போட்டால் அது ஓடத்தான் செய்யும்.

எண் ஏற ஏறப் பெரிய ஃப்ளையை, எதிர்காற்றிலும், எறிய முடியும். எண் குறையக் குறைய லைன் தண்ணீரில் மெதுவாக இறங்கும், சின்ன மீனும் கையில் துள்ளுவது தெரியும். ஆக, எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதைவிட எதை எறியப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. ஃப்ளைகளுக்கு முள் அளவை வைத்து எண் உண்டு, தலைகீழாக: 20 என்றால் கொசு அளவு, 4 என்றால் சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சமே குறைவு. 5ஆம் எண் ராடு 20இலிருந்து 6 வரை முகம் சுளிக்காமல் எறியும். ட்ரவுட் ஓடையில் தேவைப்படுவதில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும். அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் ‘9 அடி, 5ஆம் எண் வாங்கு’ என்று சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஒன்பது அடி எதற்கு?

ராடு நீளமாக இருந்தால் தூரமாக எறியலாம் என்பார்கள். அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் அன்றாடம் உதவுவது வேறொன்று. ஓடையில் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் தண்ணீர் போகும். நடு வேகத்தில் விழுந்த லைன், அக்கரையில் மெதுவாக மிதக்கும் ஃப்ளையைத் தரதரவென்று இழுத்துவிடும். நிஜப் பூச்சி அப்படிப் போகாது என்று ட்ரவுட்டுக்குத் தெரியும். அதனால் லைனை மட்டும் தூக்கி நீரோட்டத்துக்கு மேல்பக்கமாக மறுபடி கிடத்த வேண்டும். கை நீளமாக இருந்தால்தானே தூக்க முடியும்? அந்த நீளமான கைதான் 9 அடி ராடு. பின்னால் இருக்கும் புதருக்கு மேலே லைனை உயர்த்தி வைக்கவும் அதுவே உதவும்.

மரம் கவிந்த மலை ஓடைக்குள் புகுந்தால் மட்டும் அதே 9 அடி தொல்லை. பென்சில்வேனியாவின் காட்டு ஓடைகளில் ரோடோடென்ட்ரான் புதர் இரண்டு பக்கமும் குடை பிடித்திருக்கும். அங்கே ஏழு, ஏழரை அடியில் 3ஆம் எண் ராடு சுகமாக இருக்கும். ஆனால் அது இரண்டாவது ராடு. இப்போது வேண்டாம்.

4 துண்டு என்பது பயண வசதி. ஒவ்வொன்றும் சுமார் 70 சென்டிமீட்டர். காரின் பின்பெட்டியிலும் விமானத்தின் மேல்தட்டிலும் அடங்கும். துண்டு கூடினால் ராடின் வளைவு கெட்டுவிடும் என்று பழையவர்கள் சொன்ன காலம் உண்டு. இப்போது வருகிறவற்றில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

ஈர்க்குப் பாடம்

விளம்பரங்களில் ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’, ‘மீடியம் ஆக்‌ஷன்’ என்று வரும். ஏதோ வேகம் என்று நினைத்துக்கொள்வோம். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து அடியைப் பிடித்துக்கொண்டு நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள். நுனிப்பக்கம் மட்டும் வளையும், அடி அசையாது. அதுதான் ஃபாஸ்ட். இனி ஒரு பச்சை வேப்பங்குச்சியை அதே மாதிரி வளைத்துப் பாருங்கள். அடியிலிருந்தே வில்லாக வளையும். அது ஸ்லோ. இரண்டுக்கும் நடுவில், பாதி வரை வளைவது மீடியம்.

ஃபாஸ்ட் ராடு சட்டென்று நிமிரும். கை பழகியவருக்கு அது தூரம் கொடுக்கும். கை பழகாதவருக்குத் தவறை உடனே காட்டிக் கொடுக்கும், ஏனென்றால் சரியான கணத்தில் நிறுத்தவில்லை என்றால் லைன் தலைக்கு மேலேயே சரிந்து விழும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மீடியம்-ஃபாஸ்ட். லைனின் கனம் கைக்குத் தெரிய வேண்டும். ‘இப்போது பின்னால் விரிந்துவிட்டது, இனி முன்னே தள்ளலாம்’ என்று ராடே கையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். விறைப்பான ராடு அப்படிப் பேசாது.

விறைப்பான ராடை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தலையில் கை வைக்க வேண்டாம். 5ஆம் எண் ராடில் 6ஆம் எண் லைன் மாட்டிப் பாருங்கள். கிட்டத்தில் எறியும்போது கொஞ்சம் கூடுதல் கனம் ராடை வளைத்துக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: இப்போது விற்கும் சில லைன்கள் 5 என்று பெயர் போட்டு ஐந்தரை எடையில் வருகின்றன, விறைப்பான ராடுகளுக்காகவே. பெட்டியின் பின்புறம் கிரெயின் கணக்கு இருக்கும். 140ஐ மனதில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

மூங்கிலிலிருந்து கார்பனுக்கு

விலை ஏன் இப்படி மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது என்று புரிய, ராடு எதனால் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஹைரம் லெனார்ட் போன்றவர்கள் மூங்கிலை ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி ஒட்டி, அறுகோண ராடு செய்தார்கள். அந்தக் காலத்து மூங்கிலுக்குப் பெயர் ‘கல்கத்தா மூங்கில்’. கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போன நம் நாட்டுச் சரக்கு. அப்புறம்தான் சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கிலுக்கு மாறினார்கள். இன்றும் கையால் மூங்கில் ராடு செய்கிறவர்கள் உண்டு. விலை ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகும், முதல் ராடு பேச்சில் அதற்கு இடமில்லை.

1940களின் கடைசியில் கண்ணாடியிழை வந்தது. மலிவு, முரட்டு உழைப்பு, ஆனால் கொஞ்சம் கனம், மெதுவான வளைவு. 1970களின் முற்பகுதியில் கார்பன் இழை வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. கடைக்காரர்கள் கிராஃபைட் என்று சொல்வது இதைத்தான். இன்று 9 அடி, 5ஆம் எண் கார்பன் ராடு நூறு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது.

அந்தத் தொழில்நுட்பம் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால், மலிவு ராடுகளும் இப்போது நன்றாகவே இருக்கின்றன. மலிவு விலை ராடுகளில் பல சீனாவிலும் தென்கொரியாவிலும் செய்யப்படுகின்றன. அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

கையைக் கடிக்காத விலை

ஓரளவு உத்தேசக் கணக்கு இது. 100 முதல் 150 டாலருக்குள் உருப்படியான முதல் ராடு கிடைக்கும். 200, 250 டாலர் வரை போனால் இன்னும் லேசாக, இன்னும் நேர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் ஆயிரம் டாலர் வரைக்கும், அதைத் தாண்டியும் ராடு உண்டு. எக்கோ, ரெடிங்டன், டெம்பிள் ஃபோர்க், ஆர்விஸ் நிறுவனத்தின் கிளியர்வாட்டர் என்று இந்த முதல் இரண்டு படிகளில் பெயர்கள் அடிபடும். இவற்றில் எது என்று நான் சண்டை போட மாட்டேன். எல்லாமே எறியும்.

விலை குறைந்தால் என்ன குறைகிறது? தக்கைப் பிடியில் ஓட்டைகள் அதிகம் இருக்கும், மாவு மாதிரி எதையோ பூசி அடைத்திருப்பார்கள், ஒரு வருடத்தில் அது உதிரும். ரீலை மாட்டும் திருகு அலுமினியத்துக்குப் பதில் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அறுபது அடிக்கு மேல் எறியும்போது லைன் கொஞ்சம் நடுங்கும். ஆனால் ஓடையில் பிடிக்கும் மீனில் முக்கால்வாசி முப்பது அடிக்குள் பிடிப்பவை. மூன்றாவது குறையை நான் இன்னும் சந்திக்கவே இல்லை.

பணத்தை எங்கே போட வேண்டும் என்று கேட்டால், லைனில். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதையாக, ராடுக்கு 250 கொடுத்துவிட்டு 15 டாலர் லைன் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த லைன் ரீலில் சுற்றியிருந்த சுருளை மறக்காமல் தண்ணீரிலும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டே கிடக்கும். 120 டாலர் ராடும் 60 டாலர் லைனும் சேர்ந்தால், 250 டாலர் ராடும் மட்டமான லைனும் சேர்ந்ததைவிட நன்றாக எறியும். லைன் பெட்டியில் டபிள்யூ.எஃப்.5.எஃப் என்று இருக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து, கனம் முன்பக்கம் குவிந்திருக்கிறது என்று சொல்கிறது. 5 நமக்குத் தெரியும். கடைசி எழுத்து, மிதக்கும் என்கிறது. கடைசி எழுத்து எஸ் என்று இருந்தால் மூழ்கும் லைன், தொடக்கத்துக்கு வேண்டாம்.

ரீலில் காசைக் கொட்ட வேண்டாம். 5ஆம் எண்ணில் ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். பன்னிரண்டு அங்குல ட்ரவுட்டைக் கையாலேயே லைனை இழுத்துக் கரைசேர்த்துவிடலாம், ரீல் சுழலவே சுழலாது. சுற்றும்போது கடகடவென்று ஆடாமல் இருந்தால் சரி.

லைனின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத நைலான் லீடர் ஒன்று கட்ட வேண்டும். அடியில் தடித்து நுனியில் மெலிந்து வரும். அதுவும் ஒரு ஈர்க்குதான். 9 அடியில், 5 எக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். இந்த எக்ஸ் கணக்கு வேடிக்கையானது: 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் நுனியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று வரும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். ஃப்ளை எண்ணை மூன்றால் வகுத்தால் எந்த எக்ஸ் கட்டுவது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 15, 16ஆம் எண் ஃப்ளைக்கு 5 எக்ஸ்.

ராடு, ரீல், லைன், லீடர் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் 150, 200 டாலருக்குத் தருகிறார்கள். தூண்டில் பொருளே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்தின் பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ராடும் லைனும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும். எல்லாச் சாமானும் விற்கும் பெரிய கடைகளில் நாற்பது டாலருக்குத் தொங்குவதை மட்டும் தொட வேண்டாம். இதற்கு மேல் பென்சில்வேனியாவில் மீன்பிடி உரிமமும், ட்ரவுட்டுக்கென்று தனி அனுமதியும் வாங்க வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5ஆ, 6ஆ?

‘எல்லாத்துக்கும் ஒரே ராடு’ என்பது கொஞ்சம் பொய். கறி நறுக்கும் கத்தியால் தேங்காயும் உடைக்கலாம், உடைக்கலாம்தான்.

என் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். யெல்லோ பிரீச்சஸில் ஆகஸ்டு மாத மாலைகளில் வெள்ளை ஈசல் போன்ற மேஃப்ளைகள் கிளம்பும். இருட்டும் நேரத்தில் தண்ணீர்மேல் பனி பெய்த மாதிரி இருக்கும். ட்ரவுட் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும். அங்கே சின்ன ஃப்ளையை, சத்தமில்லாமல், இருபது இருபத்தைந்து அடியில் கிடத்த வேண்டும். 5 அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும், 4கூடப் போதும். லெட்டார்டில் இன்னும் கெட்டி. ஊற்று நீர், கண்ணாடி போலத் தெளிவு, பாசிக்கு நடுவே கிடக்கும் பழம் தின்று கொட்டை போட்ட மீன்கள். அங்கே 6ஐக் கொண்டுபோய்ப் போட்டால் அந்த மீன் அன்றைக்கு உங்கள் பக்கமே திரும்பாது.

சஸ்குவஹானா வேறு கதை. ஒரு மைலுக்கும் பக்கமான அகலம், மறைப்பே இல்லாத காற்று, ஸ்மால்மவுத் பாஸ் என்ற முரட்டு மீன். அதற்குப் போடுவது கட்டைவிரல் அளவு தக்கை ஃப்ளையும், நனைந்தால் கோழிக்குஞ்சு மாதிரி கனக்கும் இறகுக் கொத்தும். 5ஆம் எண்ணில் அதை எறிந்து எறிந்து என் முழங்கை ஒரு வாரம் வலித்தது. அங்கே 6, இன்னும் சொன்னால் 7.

என் கட்சி இது: போகிற நாள்களில் முக்கால்வாசி ட்ரவுட் ஓடை என்றால் 5. குளத்துப் பாஸ், பெரிய ஆறு, காற்று என்று பாதிக்குப் பாதி இருந்தால் 6 வாங்குங்கள், ட்ரவுட்டுக்குக் கொஞ்சம் நீளமான லீடர் கட்டிச் சமாளிக்கலாம். மூன்றாவதாக ஒருவர் வந்து, ‘இரண்டுக்கும் ஆகும்’ என்று 5/6 என்று எண் போட்ட ராடைக் காட்டுவார். அது இரண்டில் எதையும் முழுதாகச் செய்வதில்லை என்பது என் அனுபவம். சிலருக்கு அது பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.

ஊரிலிருந்து சிலர் நீலகிரிக்கு எது சரி என்று கேட்கிறார்கள். ட்ரவுட் நம் மலைக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியில் ரெயின்போ ட்ரவுட் அங்கே வேரூன்றியது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. குளிர்ந்த சின்ன ஓடைகளுக்கு 4 அல்லது 5 ஆகும். ஆனால் ராடு வாங்குவதற்கு முன்னால் எங்கே, எப்போது பிடிக்க அனுமதி உண்டு என்று மீன்வளத் துறையிலும் வனத் துறையிலும் கேட்டுவிடுங்கள். மகசீர் என்ற பெரிய ஆற்று மீன் நினைப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் நான் தூக்கிப் போட்ட அந்த 8ஆம் எண் பொருந்தும்.

கடையில் ஐந்து நிமிடம்

துண்டுகளை மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கிக் குறி பார்ப்பது போல அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று ஒருக்களித்திருந்தாலும் வேறு ராடு கேளுங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் லேசாகத் திருகி அழுத்தினால் இறுக வேண்டும், ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. வளையங்களைக் கட்டியிருக்கும் நூலின் மேல் பூச்சு வழவழவென்று இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ரீலை மாட்டித் திருகி, கொஞ்சம் உலுக்கிப் பாருங்கள்.

அப்புறம் கூச்சப்படாமல், ‘லைன் மாட்டித் தருகிறீர்களா, வெளியே எறிந்து பார்க்கிறேன்’ என்று கேளுங்கள். ஃப்ளைக்கென்றே இருக்கும் கடைகளில் பெரும்பாலும் பின்னால் ஒரு புல்தரை இருக்கும். நுனியில் ஃப்ளைக்குப் பதில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் துணுக்கு. முப்பது அடி லைனை வெளியே விட்டு, ராடைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துங்கள், லைன் பின்னால் விரியும்வரை காத்திருங்கள், முன்னே கொண்டுவந்து மறுபடி நிறுத்துங்கள். எறியத் தெரியாதே என்று கவலை வேண்டாம். இரண்டு ராடை மாற்றி மாற்றி ஆட்டினாலே, எதில் லைனின் கனம் கைக்குத் தெரிகிறது என்று புரிந்துவிடும். வீட்டுக்கு வந்தும் இதே கம்பளித் துணுக்கோடு புல்லில் இரண்டு வாரம் பழகுங்கள். சிமெண்ட் தரை வேண்டாம், லைனின் பூச்சு தேய்ந்துவிடும்.

உடைவது ஓடையில் அல்ல

ராடை மீன் உடைப்பது அபூர்வம். கார்க் கதவு உடைக்கும். சுழலும் மின்விசிறி உடைக்கும். குழந்தைகள் உடைப்பார்கள். என் 5ஆம் எண் ராடைக் கேரேஜ் கதவு உடைத்தது. யெல்லோ பிரீச்சஸிலிருந்து திரும்பி வந்து, ராடைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். கதவு இறங்கும்போது ‘பட்’ என்று ஒரு சத்தம். நுனித் துண்டில் நாலு அங்குலம் போய்விட்டது.

உத்தரவாதம் இருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் உடைந்ததற்கு மாற்றுத் துண்டு தருகின்றன. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கையாளும் கட்டணம் இருக்கும். அனுப்புகிற தபால் செலவு நம்முடையது. 130 டாலர் ராடுக்கு இரண்டும் சேர்த்து 60 டாலருக்குப் பக்கம் ஆயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாங்கும்போதே அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. புதுத் துண்டு வர மூன்று வாரம் ஆயிற்று. வெள்ளைப் பூச்சி கிளம்பும் மாலைகள் அதற்குள் முடிந்துவிட்டன.